கடற்றுறைக்கு வந்து சேரும் மலைகள்

இராயபுரத்தில் தொடங்கிக் காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் வழியாகக் கொசஸ்தலையாற்றின் முகத்துவாரம் வரை நீளும் வடசென்னைக் கரையில் மலை என்று சொல்லத்தக்க மேடு ஒன்றுகூட இல்லை என்பதும், கடல்மட்டத்திற்குச் சில மீட்டர் மேலே கிடக்கும் இம்மணற்பரப்பில் உயர்ந்து நிற்பவை புகைபோக்கிகளும் பாரந்தூக்கிகளும் கோயிற் கோபுரங்களுமே என்பதும் எல்லாரும் அறிந்தவை. ஆயினும் உயர்மலைத் தொடர்களுக்கும் மனித வாழ்வுக்கும் உள்ள உறவை ஆராய்வதற்கு இக்கரையைத் தேர்ந்துகொள்வது பொருந்தாச் செயலாகாது. மலை தானாகக் கொடுக்கும் நீரும் மணலும், மலையிலிருந்து மனிதர் பெயர்த்தெடுக்கும் தாதும் மரமும் கடைசியாக வந்து குவிவது கடற்றுறையில்தான். அவற்றால் விளையும் நன்மையும் தீமையும் கணக்கிற்கு வருவதும் அங்கேதான். மலையின் அடிவாரம் சமவெளி தொடங்கும் இடத்தோடு முடிந்துவிடுவதில்லை, துறைமுகம் வரை நீள்கிறது என்பதே இச்சொற்பொழிவின் துணிபு.

இத்துணிபு புதியதன்று. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையை விவரிக்கும் பட்டினப்பாலை, கடலில் முகந்த நீரை மேகம் மலையில் பொழிவதையும் மலையில் பொழிந்த நீர் மீண்டும் கடலில் பரவுவதையும் எடுத்துக்காட்டி, அவ்வாறே கடலிலிருந்து நிலத்திற்கும் நிலத்திலிருந்து கடலுக்கும் சரக்குகள் ஓயாமல் மாறிக்கொண்டிருந்தன என்றும், அவற்றின்மேல் சோழரின் புலிப்பொறி இடப்பட்டுச் சுங்கம் கொள்ளப்பட்டது என்றும் கூறுகிறது. அத்துறையில் குவிந்து கிடந்தவற்றுள் வடமலையின் பொன்னும் மணியும், மேற்குமலையின் சந்தனமும் அகிலும் அடங்கும். நீரின் சுழற்சியையும் சரக்கின் சுழற்சியையும் ஒரே பார்வையில் கண்ட அந்நூலைப் பாடிய புலவரின் கூர்மையை, மழைக்கு ஒரு துறையும் துறைமுகத்திற்கு வேறொரு துறையும் வகுத்துக்கொண்டிருக்கும் இன்றைய ஆட்சிமுறையில் காண்பது அரிது.

இக்கரையின் வானிலையை ஆளும் மலைத்தொடர்கள் இரண்டு. ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்திய நிலத்தட்டு ஆசியத் தட்டோடு மோதத் தொடங்கியதன் விளைவாக எழுந்த இமயமலையும் அதன் பின்னுள்ள திபெத்திய மேட்டுநிலமும் முதலாவது. கோடையில் அம்மேட்டுநிலம் சூடேறுவதே தென்மேற்குப் பருவக்காற்றை ஈர்க்கிறது என்று நெடுங்காலம் கருதப்பட்டது. வடக்கிலிருந்து வரும் குளிர்ந்த வறண்ட காற்று தென்னாசியாவின் ஈரக்காற்றோடு கலந்துவிடாமல் இமயம் சுவராக நின்று காப்பதே முதன்மைக் காரணம் என்று பின்னைய ஆய்வுகள் வற்புறுத்துகின்றன. எவ்வாறாயினும் இமயம் இல்லையேல் பருவமழை இன்றுள்ள வடிவில் இல்லை. இரண்டாவது, ஏறத்தாழ 1,600 கி.மீ. நீளமுள்ள மேற்குத் தொடர்ச்சி மலை. அரபிக்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று அதன் மேற்குச் சரிவில் ஏறிக் குளிர்ந்து பெருமழையைக் கொட்டிவிட்டு, கிழக்கே இறங்கும்போது வறண்டு விடுகிறது. இவ்வாறு மலையின் மறைவால் மழை குறையும் நிலத்தை மழைமறைவுப் பகுதி என்பர். சென்னை தன் ஆண்டு மழையில் பாதிக்கு மேற்பட்டதை அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவத்தில் பெறுவதற்கும், அம்மழைக்காகப் புயலை எதிர்நோக்கியும் புயலுக்கு அஞ்சியும் வாழ்வதற்கும் அந்த மறைவு ஒரு முக்கியக் காரணம்.

இமயத்திற்கும் இக்கரைக்கும் உள்ள இன்னோர் உறவு கண்ணுக்குத் தெரியாதது. கங்கையும் பிரம்மபுத்திராவும் கோடிக்கணக்கான ஆண்டுகளாக அரித்துக் கொணர்ந்த இமயத்தின் மண், வங்கக்கடலின் அடித்தளத்தில் விசிறி வடிவில் படிந்து, வடக்கே வங்கக் கரையிலிருந்து நிலநடுக்கோட்டையும் தாண்டி ஏறத்தாழ 3,000 கி.மீ. நீளத்திற்குப் பரவியுள்ளது, நிலவியலாளர் இதனை வங்க விசிறி என்பர். காசிமேட்டிலிருந்து ஆழ்கடல் மீன்பிடிக்குச் செல்லும் விசைப்படகுகள் கண்டத்திட்டின் சரிவைத் தாண்டியதும் மிதப்பது கரைந்துபோன இமயத்தின் மேலேதான்.

அருகிலுள்ள மலைகளைப் பொறுத்தவரை, கிழக்குத் தொடர்ச்சி மலை என்பது பெயரளவில் தொடராயினும் கோதாவரி, கிருஷ்ணா, பெண்ணையாறு முதலியவற்றால் துண்டாடப்பட்ட பல மலைக்கூட்டங்களின் வரிசையே. அவற்றுள் சென்னைக்கு மிக அருகில் இருப்பவை வடமேற்கே உள்ள நகரி, நாகலாபுரம் மலைகள். நகரி மலையின் ஒரு முனை மூக்குப்போல் நீண்டிருப்பதால் ஆங்கில மாலுமிகள் அதனை ‘நகரி மூக்கு’ என்று அழைத்தனர். ஏறத்தாழ 855 மீட்டர் உயரமுள்ள அது, இராயபுரத்திலிருந்து 80 கி.மீ. அளவு உள்ளே இருந்தும், வானம் தெளிந்த நாளில் கடலிலிருந்து புலப்பட்டதால், கலங்கரை விளக்கின் ஒளி போதாத காலத்தில் சென்னையை நோக்கி வரும் கப்பல்களுக்கு வழிகாட்டும் குறியாயிற்று. கரையிலுள்ள இரண்டு அடையாளங்களை ஒரே கோட்டில் நிறுத்திக் கடலில் தம் இடத்தை அறியும் முறையைக் குமரிக் கரை மீனவர் ‘கணியம்’ என்பர். அவர்களுக்கும் தொலைவில் நிற்கும் மலைமுடியே நம்பகமான அடையாளம். மலையில் ஏறாதவரும் மலையைக் கொண்டு வாழ்ந்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அம்மலைகளில் விழும் மழையே நகரியாறாகவும் நந்தியாறாகவும் இறங்கிக் கொசஸ்தலையாற்றில் சேர்ந்து, 1944-இல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கத்தில் தங்கி, எஞ்சியது எண்ணூர்க் கழிமுகத்தில் கடலோடு கலக்கிறது. நாகலாபுரம் மலைப்பக்கத்து நீரை ஆரணியாறு பழவேற்காட்டு ஏரிக்குக் கொண்டுசெல்கிறது. 1872-இல் புழல் ஏரியின் நீர் கால்வாய் வழியே நகருக்குள் கொண்டுவரப்பட்டபோது, சென்னை தன் குடிநீரை இம்மலைகளிடம் ஒப்படைத்துவிட்டது என்று சொல்லலாம். நகரம் பெருத்ததும் அருகிலிருந்த மலை போதாதாகி, தொலைவிலுள்ள மலையைத் தேட வேண்டியதாயிற்று. மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய மூன்றும் தத்தம் பங்கிலிருந்து 5 டி.எம்.சி. வீதம் (ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி) சென்னைக்கு விட்டுக்கொடுக்க 1976-இல் இசைந்ததும், தமிழ்நாடும் ஆந்திரமும் 1983-இல் ஒப்பந்தம் செய்துகொண்டதும், வழியில் ஆவியாகும் 3 டி.எம்.சி. போக 12 டி.எம்.சி. வரவேண்டிய அத்திட்டத்தின் முதல் நீர் 1996-இல்தான் தமிழக எல்லையை எட்டியதும் வரலாறு. ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் மகாபலேஷ்வரத்து மேற்குமலைச் சரிவில் தோன்றும் கிருஷ்ணா, நல்லமலைக் காட்டிடையே உள்ள ஸ்ரீசைலத்தில் தேக்கப்பட்டு, அங்கிருந்து கால்வாய் வழியாகச் சோமசீலாவிற்கும் கண்டலேறுவிற்கும் பூண்டிக்கும் புழலுக்கும் வந்து, வண்ணாரப்பேட்டையிலோ இராயபுரத்திலோ ஒரு தெருக்குழாயில் திறக்கும்போது, அந்நீர் கண்டுவந்த மலைத்தொடர்கள் இரண்டு, மாநிலங்கள் ஐந்து. குழாயடியில் குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருப்போருக்கு இப்பயணம் தெரியாததில் வியப்பில்லை; ஆனால் மகாபலேஷ்வரத்துக் காடு அழிந்தால் தமக்கென்ன என்று கேட்கும் நிலையில் இக்கரையினர் இல்லை.

மணலின் கதை இன்னும் நுட்பமானது. வடசென்னையின் நூற்றாண்டுத் துயரம் அதில்தான் அடங்கியுள்ளது. கடற்கரை மணல் என்பது பெரும்பாலும் மலைப்பாறையின் பொடியே. பாறை வெயிலிலும் மழையிலும் பிளந்து உதிர்ந்து, ஆற்றில் உருண்டு தேய்ந்து, கழிமுகத்தில் கடலுக்குள் தள்ளப்பட்டபின், சாய்வாக வந்து மோதும் அலைகள் அதனைக் கரையோரமாகவே நகர்த்திச் செல்கின்றன. இதற்குக் கரையோர மணலோட்டம் என்று பெயர். சோழமண்டலக் கரையில் இவ்வோட்டம் ஆண்டின் பெரும்பகுதியில் தெற்கிலிருந்து வடக்காகவும், வடகிழக்குப் பருவத்தில் சிலகாலம் எதிர்த்திசையிலும் நிகழ்ந்து, மொத்தத்தில் வடக்கு நோக்கியதாகவே அமைகிறது. எனவே தெற்கே காவிரியும் பாலாறும் தம் மலைகளிலிருந்து கொணர்ந்த மணலில் ஒரு பங்கு, ஊர் ஊராகத் தங்கித் தங்கி, இராயபுரத்தையும் திருவொற்றியூரையும் கடந்துசெல்ல வேண்டியதாக இருந்தது.

1875-இன் இறுதியில் அடிக்கல் நாட்டப்பட்டு, 1881 நவம்பர்ப் புயலில் சிதைந்து, மீண்டும் கட்டப்பட்டு 1890-களில் முடிக்கப்பட்ட சென்னைத் துறைமுகத்தின் தடுப்புச் சுவர்கள் அவ்வோட்டத்தின் குறுக்கே நின்றன. சுவரின் தெற்கே மணல் தேங்கித் தேங்கி மெரினா விரிந்தது. வடக்கே, வரவேண்டிய மணல் வராமையால், கடல் கரையைத் தின்னத் தொடங்கியது. ஒரு நகரின் புகழ்பெற்ற உலாவிடமும் அதே நகரின் கரையோரக் குப்பங்களின் வீடிழப்பும் ஒரே செயலின் இரு விளைவுகள் என்பதை மெரினாவைப் பாடியோர் கண்டதாகத் தெரியவில்லை. இராயபுரம் முதல் எண்ணூர் வரை சாலையையும் குடியிருப்புகளையும் காக்க லாரி லாரியாகக் கருங்கற்கள் கொட்டப்பட்டன. இன்றும் எண்ணூர் விரைவுச்சாலையின் கடற்புறத்தில் நெடுக அக்கற்குவியலைக் காணலாம். பின்னர்க் கரையிலிருந்து கடலுக்குள் கைபோல் நீளும் கற்சுவர்கள் பல கட்டப்பட்டன. மணலைப் பிடித்து நிறுத்தும் இவற்றை மீனவர் தூண்டில் வளைவு என்கின்றனர். ஆறு நூற்றாண்டுக்கணக்கில் பொடியாக்கிக் கொண்டுவந்த மலையைத் தடுத்துவிட்டு, குவாரியில் வெடிவைத்து உடைத்த மலையைக் கொண்டுவந்து அந்த இடத்தை நிரப்பும் இம்முறையில் ஒரு கசப்பான நயம் உண்டு. ஒரு தூண்டில் வளைவு தன் தெற்கே மணலைச் சேர்த்து வடக்கே அரிப்பைத் தள்ளிவிடுவதால், அடுத்த குப்பமும் தனக்கொன்று கேட்க நேர்கிறது. இதனோடு, மேலே அணைகளில் வண்டல் தங்கிவிடுவதும், ஆற்றுப்படுகைகளில் கட்டுமானத்திற்காக மணல் அள்ளப்படுவதும் சேர்ந்துகொண்டன. மலையிலிருந்து புறப்படும் மணலே குறைந்துவரும் நிலையில், கரையில் கட்டப்படும் எந்தச் சுவரும் நோயின் வேரைத் தொடாது.

மலையை ஊடறுத்துச் செல்லும் வழியும் இங்கிருந்தே தொடங்கியது என்பதைச் சுருங்கச் சொல்லிச் செல்லலாம். 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்குப் புறப்பட்டது. அப்பாதை அடுத்த சில ஆண்டுகளுக்குள் ஜவ்வாது, ஏலகிரி மலைகளின் அடிவாரம் வழியாகவும், மேற்கு மலைத்தொடர் தாழ்ந்து வழிவிடும் பாலக்காட்டுக் கணவாய் வழியாகவும் நீண்டு, அரபிக்கடற்கரையிலுள்ள பேப்பூரை எட்டியது. நீலகிரி ஆங்கிலேயர்க்குக் கோடைத் தலைநகராவதற்கும், மலைத்தோட்டங்களின் விளைச்சல் சமவெளிச் சந்தைக்கு இறங்குவதற்கும் அப்பாதை வழிவகுத்தது.

அதே இருப்புப்பாதை வலைப்பின்னல் பிற்காலத்தில் வேறொரு மலையை இராயபுரத்திற்குக் கொண்டுவந்தது. கர்நாடகத்தின் பெல்லாரி, ஹோஸ்பேட்டை வட்டாரத்துச் சந்தூர் மலைகளில் வெட்டப்பட்ட இரும்புத்தாது சரக்கு இரயில்களில் சென்னைத் துறைமுகத்தின் பாரதி கப்பல்துறைக்கு வந்து, இயந்திரப் பட்டைகளில் ஏறிக் கப்பல்களை நிறைத்தது. இந்த நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் சீனத்தின் எஃகுத் தேவை பெருகித் தாதுவின் விலை ஏறியதும், சந்தூர் மலைகளில் உரிமம் பெற்றும் பெறாமலும் அகழ்வு பெருகியதும், அங்குள்ள ஊர்களில் வயலும் கிணறும் செம்புழுதியால் மூடியதும் நாடறிந்த செய்திகள். அச்செம்புழுதியின் மறுமுனை இராயபுரத்திலும் காசிமேட்டிலும் இருந்தது. திறந்தவெளியில் குவிக்கப்பட்ட தாதின் சிவப்புத் துகளும், அதனருகே இறக்குமதியாகிக் குவிந்த நிலக்கரியின் கருந்துகளும் வீட்டுத் திண்ணையிலும், கொடியில் காயும் துணியிலும், உலர்த்திய மீனிலும் படிந்தன. சென்னை உயர்நீதிமன்றம் 2011 மே மாதம் வழங்கிய தீர்ப்பில், இவ்வகைச் சரக்குகளைச் சென்னைத் துறைமுகத்தில் கையாள்வதை அவ்வாண்டு அக்டோபர் முதல் நிறுத்தி எண்ணூருக்கு மாற்றுமாறு ஆணையிட்டது. அதே 2011 ஜூலையில் கர்நாடக லோக் ஆயுக்தா சந்தோஷ் ஹெக்டேவின் சுரங்க அறிக்கை வெளிவந்ததும், உச்சநீதிமன்றம் பெல்லாரியில் அகழ்வை நிறுத்தியதும் நிகழ்ந்தன. மலையில் ஒரு வழக்கும் கடற்றுறையில் ஒரு வழக்கும் ஒன்றையொன்று அறியாமலே சில மாத இடைவெளியில் ஒரே பொருளைப் பற்றி ஆணை பெற்றன. இரண்டு ஊர்களின் மக்களும் ஒரே மலையின் புழுதியைத்தான் சுவாசித்தனர்; ஆயினும் அவர்களை ஒரே வழக்கின் மனுதாரராக்கும் சட்ட ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை. எண்ணூரில் இரும்புத்தாதுக்கென்றே கட்டப்பட்ட முனையம் தாது வராமையால் வெறுமனே கிடந்து, பின்னர் நிலக்கரி முனையமாக மாற்றப்பட்டது இக்கதையின் பின்னுரை.

தூசு இராயபுரத்தை விட்டது. எண்ணூரைப் பற்றியது என்றே சொல்ல வேண்டும். 2001-இல் தொடங்கப்பட்ட எண்ணூர்த் துறைமுகம் முதன்மையாக அனல்மின் நிலையங்களின் நிலக்கரிக்காக அமைந்தது. ஒடிசாவின் தால்சேர் வயல்களில் வெட்டப்பட்ட நிலக்கரி பாரதீப் வழியாகக் கப்பலில் இங்கு வருகிறது. நிலக்கரி மலைப்பொருள் அன்று என்று தோன்றலாம். ஆனால் 25 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட அந்நிலக்கரி உருவான தாழ்வுகளில், சுற்றியிருந்த மேட்டுநிலங்களிலிருந்து ஆறுகள் அடித்துவந்த மண்ணும் மணலும் அழுகிய தாவரங்களோடு கலந்து படிந்ததே இந்திய நிலக்கரியில் சாம்பல் மிகுந்திருப்பதற்குக் காரணம். எரித்தபின் மூன்றில் ஒரு பங்கும் அதற்கு மேலும் சாம்பலாக எஞ்சுவது உண்டு. அவ்வகையில், செப்பாக்கத்தைச் சூழ்ந்த சாம்பற்குளங்களில் நிறைவதும், குழாய்கள் கசிந்து கொசஸ்தலையாற்றுப் படுகையில் படிந்து இறால் மேயும் சேற்றை இறுகச் செய்வதும், என்றோ தேய்ந்து மறைந்த மேட்டுநிலங்களின் மண்ணே. நகரி மலையின் வண்டலுக்கென இயற்கை ஒதுக்கிய படுகையில் வேறொரு காலத்து வண்டல் வந்து அமர்ந்துவிட்டது.

பட்டினப்பாலையின் சந்தனத்திற்கும் அகிலுக்கும் இன்று நிகராக நிற்பது செம்மரம். சேஷாசலம், வெலிகொண்டா, நல்லமலை முதலிய கிழக்குமலைத் தென்பகுதிகளில் மட்டுமே இயற்கையாக வளரும் இம்மரத்தின் பன்னாட்டு வணிகம், அருகும் உயிரினங்களைக் காக்கும் உடன்படிக்கையின்கீழ் 1995 முதல் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. எனினும் வேறு சரக்கின் பெயரில் முத்திரையிட்ட கன்டெய்னர்களுக்குள் செம்மரக் கட்டைகளை மறைத்து ஏற்றுமதி செய்ய முயன்றவை வடசென்னைத் துறைமுகங்களில் சுங்கத்துறையினரால் பலமுறை பிடிக்கப்பட்டுள்ளன. மரம் வெட்டக் கூலிக்குச் செல்வோர் பெரும்பாலும் ஜவ்வாது, கல்வராயன் முதலிய வேறு மலைகளின் ஏழைகள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டில் ஆந்திரக் காவல் படையினரின் துப்பாக்கிச் சூட்டில் 20 பேர் உயிரிழந்தனர். ஒரு மலையின் வறுமை இன்னொரு மலையின் மரத்தை வெட்டித் துறைமுகத்தில் சேர்க்கும் இவ்வணிகத்தில், பொறியிட்டு விற்போர் இடையிலேயே மறைந்துவிடுகின்றனர்.

மரத்தைப் பற்றிய இன்னொரு செய்தியையும் இங்குச் சேர்க்கலாம். நெடுங்காலம் இக்கரையின் மீன்பிடிக் கலமாக விளங்கிய கட்டுமரத்திற்கான லேசான மரங்கள் மேற்குமலைக் காடுகளிலிருந்து வெட்டிக் கொண்டுவரப்பட்டவை. காட்டில் மரம் வெட்டுவது கட்டுப்பட்டு விலை ஏற, கண்ணாடியிழைப் படகு அவ்விடத்தைப் பிடித்தது. மலைக்காடு பிழைக்க வேண்டியதே. ஆயினும் அதன் விலையில் ஒரு பகுதி குப்பங்களின் கடன்சுமையாகவும் டீசல் செலவாகவும் செலுத்தப்பட்டது என்பதையும் மறைப்பதற்கில்லை.

மலைகளைச் சார்ந்திராமல் வாழ முடியும் என்ற எண்ணத்தையும் இக்கரையே சோதித்துப் பார்த்திருக்கிறது. கொசஸ்தலை, ஆரணி ஆற்றுப்படுகைகளின் அடிமணலில் தேங்கிய மலைநீரை, மீஞ்சூர் வட்டாரத்துக் கிணறுகள் தொழிற்சாலைகளுக்கும் நகருக்கும் வேளாண்மைக்கும் அளவின்றி இறைத்ததன் விளைவாக, 1960-களின் இறுதியிலிருந்து கடல்நீர் நிலத்தடியில் பல கிலோமீட்டர் உள்ளே நுழைந்தது. இதனை உவர்நீர் ஊடுருவல் என்பர். அதே மீஞ்சூருக்கு அருகே காட்டுப்பள்ளியில் 2010-இல் திறக்கப்பட்ட, கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் ஆலை, திருவொற்றியூர், மணலி, எண்ணூர்ப் பகுதிகளுக்கு நீர் தருவதற்கென அமைந்தது. சூரியன் கடல்நீரை ஆவியாக்கி உயர்த்துவதும், மலை அதைக் குளிர்வித்து இறக்குவதுமாக விலையின்றி நடந்த பணியை இங்கு மின்சாரம் செய்கிறது. அம்மின்சாரத்தின் பெரும்பகுதிக்கு மூலமான நிலக்கரியின் சாம்பலோ, மலைநீர் வரும் ஆற்றிலேயே படிகிறது.

இக்கணக்குகள் எல்லாம் சந்திக்கும் இடம் எண்ணூர் முகத்துவாரம். கழிமுகத்தின் வாயைக் கடல் மணல் கொண்டு அடைக்க முயல்வதும், மலைவெள்ளம் அதனை உடைத்துத் திறப்பதும் ஆண்டுதோறும் நிகழ வேண்டிய இயற்கைப் போராட்டம். வாய் திறந்திருந்தால்தான் வேலியேற்றத்தோடு இறாலும் மடவையும் உள்ளே வரும், முகத்துவாரக்குப்பத்துப் படகும் தாழங்குப்பத்துப் படகும் வெளியேறும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பெருகிய வெள்ளம், மணலித் தொழிற்பகுதியிலிருந்து கசிந்த எண்ணெயையும் சேர்த்துக்கொண்டு இவ்வழியே இறங்கியதால், வலைகளும் படகுகளும் கரும்படலத்தில் தோய்ந்து மீனவர் பல வாரம் தொழிலிழந்தனர். வெள்ளம் குறைந்த ஆண்டுகளில் வாய் தூர்ந்துபோக, மணலை அகற்ற இயந்திரங்கள் வரவழைக்கப்படுகின்றன. பூண்டியின் மதகுகள் திறக்கும் ஆண்டுகளில் அவ்வேலையின் பெரும்பகுதியை நகரி மலையில் பெய்த மழை தானே செய்துவிடுகிறது.